தெற்குச் சுவர்

ஆக்லாந்து நகரத்தின் ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீடு ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்திருக்கிறது. பிறகு யாரோ நடுக்கூடத்தில் தடுப்பு அடித்து அதை இரண்டாக்கியிருந்தார்கள். முன்பாதியில் நான், என் கணவர், மூன்று வயது மகள். பின்பாதியில் யார் இருக்கிறார்கள் என்று குடிவந்து இரண்டு வாரம்வரை எங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் இருமும் சத்தம் மட்டும் தடுப்பைத் தாண்டி வரும். காலையில் சிறிது நேரம், சாயங்காலம் சிறிது நேரம்.

அது ஜூன் மாதம், இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம். நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். குளிர் என்றால் எனக்குத் தெரிந்தது கேமரன் மலைதான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்ட்ராபெரி சாப்பிட்டுவிட்டு மறுநாள் இறங்கி வந்துவிடலாம். இந்தக் குளிரிலிருந்து இறங்கிப் போக இடமில்லை. தெருவைவிட வீட்டுக்குள்தான் அதிகம் குளிர்ந்தது. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிந்து கீழ்க்கட்டையில் தேங்கியிருக்கும். துண்டால் ஒற்றி, வாளியில் பிழிந்து, மறுபடி ஒற்றுவேன். என் நாள் அப்படித்தான் தொடங்கும். மடித்து வைத்த துணிகளைத் தொட்டால், உலர்ந்திருக்கிறதா ஈரமா என்று கைக்குத் தெரியாது.

என் கணவர் மலேசியாவில் எலக்ட்ரீஷியன். இங்கே பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கும்வரை அந்த வேலையைத் தொட முடியாது என்பதால், நியூ லின் மாலில் ஒரு கடையில் சரக்கு அடுக்கப் போய்க்கொண்டிருந்தார். இருட்டில் ரயிலேறி இருட்டில் திரும்புவார். பகல் முழுக்க நானும் மகளும் அந்த முன்பாதி வீட்டுக்குள் கிடந்தோம்.

ஒரு நாள் மகள் ஈர ஜன்னலில் விரலால் படம் வரைகிறேன் என்று உடுப்பெல்லாம் நனைத்துக்கொண்டாள். நான் சத்தம் போட்டேன். பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. ஒல்லியான ஒரு பெண், வேலைக்குப் போடும் ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கழற்றாமல், கையில் மடித்த கம்பளியோடு நின்றாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க."

"ரெண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டிருந்தனான். பிள்ளை இங்கிலீசிலை பாட்டுப் படிக்குது. நீங்கள் என்ன ஆக்கள் எண்டு விளங்கேல்லை. இண்டைக்குப் பிள்ளைக்குப் பேசினதிலைதான் பிடிபட்டது."

அவளுக்குப் பேசுவது என்றால் திட்டுவது, கதைப்பதுதான் பேசுவது என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. அன்றைக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரோட்டிலை இருந்து பாத்தா உங்கட கர்ட்டனுக்குள்ளாலை லைட் தெரியுது. அது துணியில்லை, கடதாசி. இதைக் கொழுவிப் பாருங்கோ."

கம்பளி சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. இந்த ஊர் ஆட்டுமயிரில் நெய்த பழைய போர்வை. மேல் விளிம்பில் அவளே கையால் தைத்து வளையம் போட்டிருந்தாள். எங்கள் ஜன்னலின் அகலம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் வீட்டு ஜன்னலும் அதே அகலம்தானாம். இரண்டு பேரும் நாற்காலியில் ஏறி மாட்டினோம். அன்று சாயங்காலம் முதன்முறையாக அந்த அறையில் என் கணவர் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி அக்கா என்று கூப்பிட்டேன். ஆனால் மனதுக்குள் நினைக்கும்போது எப்போதும் 'அவள்' என்றுதான் வரும். பென்ரோஸில் ஒரு கிடங்கில் அதிகாலை ஷிப்டில் பெட்டி கட்டும் வேலை. அதே கிடங்கில் அவள் கணவர் போர்க்லிப்ட் ஓட்டியவர். ஒரு நாள் பாரம் சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து வேலை இல்லை. கட்டிலில் படுத்தால் வலிக்கிறது என்று பெரும்பாலும் தரையில் படுத்திருப்பார். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர்கள் பாதிக்கு முதலில் போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அதே தாழ்வான கூரை, அதே தேய்ந்த தரை. ஆனால் அது வேறு வீடு. ஆப்பிள் வரும் மரப்பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி அலமாரி ஆக்கியிருந்தாள். அதில் நீலக் கரை போட்ட எனாமல் குவளைகள், ஜாம் பாட்டிலில் காய்ந்த லாவெண்டர். நாற்காலிகளில் துண்டுத்துணி ஒட்டுப்போட்ட மெத்தைகள். ஜன்னல் கட்டையில் வரிசையாகப் பைன் காய்கள். எல்லாம் ஆப் ஷாப்பில் எடுத்தவை, அதாவது தர்மக் காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடையில், இல்லாவிட்டால் தெருவில் பொறுக்கியவை.

"எப்பிடிக்கா இதெல்லாம்?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகைகளை இழுத்துப் போட்டாள். வீட்டு அலங்காரப் பத்திரிகைகள். டாக்டர் கிளினிக்கில் பழையதைத் தூக்கிப் போடும்போது கேட்டு வாங்கி வருவாளாம். அட்டை கிழிந்திருக்கும், உள்ளே வெள்ளைக்காரர்களின் பண்ணை வீடுகள். கல் அடுப்பு, மரமேசை, ஜாடியில் காட்டுப்பூ.

"இதுக்குப் பேர் கன்ட்ரி ஸ்டைல். எங்கட ஊரிலை எனாமல் கோப்பையிலை தேத்தண்ணி குடுத்தால் வசதியில்லாத சனம் எண்டு சொல்லுவினம். இஞ்சை அது வடிவு." சிரித்தாள். "எங்களுக்கும் தோதாப் போச்சு. புதுசு வாங்கேலாத ஆக்களுக்கு இதைவிட நல்ல ஸ்டைல் இல்லை."

அதன் பிறகு அவள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். பகல் இரண்டு மணிக்கு மேல் எங்கள் வேலை தொடங்கும். வண்ணம் தப்பாகக் கலந்துவிட்ட பெயின்ட் டப்பாக்களை ஹார்ட்வேர் கடையில் ஒரு மூலையில் மலிவாகப் போட்டிருப்பார்கள். எதற்கும் சேராத ஒரு பச்சையையும் பால் வெள்ளையையும் எடுத்துவந்து சமையலறைக் கதவுகளுக்கு அடித்தோம். கிழிந்த கம்பளிச் சட்டைகளை வெட்டி மகளுக்குப் போர்வை தைத்தோம். தைப்பது அவள், வெட்டுவது நான். மகள் நடுவில் உட்கார்ந்து பொத்தான்களைப் பொறுக்குவாள். எங்கள் இருவரின் தமிழும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். கிழமை, வாரம். குசினி, அடுப்படி. நாளடைவில் அவள் என்னை 'நீர்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு முதலில் மேடை நாடகத்தில் ராஜா பேசுவதுபோல் இருந்தது. நெருக்கமானவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று அவள் கணவர் தரையில் படுத்தபடியே விளக்கினார். அவர் எங்களோடு பேசிய சில வாக்கியங்களில் அது ஒன்று.

ஜூலையில் எங்கள் பகுதிக்கு இனார்கானிக் வாரம் வந்தது. வேண்டாத பெரிய சாமான்களை வீட்டு வாசல் புல்லில் போட்டுவிட்டால் நகரசபை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரி வருவதற்குள் ஊரே தெருவில் இறங்கிப் பொறுக்கும். நாங்களும் மகளின் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போனோம். நாலாவது தெருவில் ஒரு அலமாரி கிடந்தது. கீழே இழுப்பறைகள், மேலே தட்டுகள் சாய்த்து வைக்கும் அடுக்கு. பத்திரிகையில் நாங்கள் பார்த்ததேதான், ஒரு கால் மட்டும் இல்லை. மழை தூறத் தொடங்கியது. அலமாரியைக் கிடத்தி, அவள் முன்னால் பிடிக்க நான் பின்னால் பிடிக்க, மகள் வெற்றுத் தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் இறக்கி வைத்தோம். பாதி வழியில் அவளுக்கு மூச்சு இழுத்தது. சட்டைப் பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்துவிட்டு, அலமாரிமேலேயே உட்கார்ந்தாள்.

"போட்டுட்டுப் போயிரலாம்லா, அக்கா."

"விசர் கதை கதையாதையும். உம்மட வீட்டுக்கு இதுதான் குறை."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். இல்லாத காலுக்கு இரண்டு செங்கல் வைத்தோம். அவள் என் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஈரத் தலையோடு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல முடிந்தால் அது அன்றைய சாயங்காலம்தான்.

இப்போது சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். தெற்குச் சுவருக்குக் குளிர்காலம் முழுக்க வெயிலே கிடையாது. மகள் படுக்கும் சின்ன அறையின் நீளச் சுவர் தெற்கு. குடிவந்தபோது அதில் மூலையில் சில கறுப்புப் புள்ளிகள் இருந்தன. ஜூலை முடிவதற்குள் அவை தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டன. பூஞ்சை. ப்ளீச் போட்டுத் துடைப்பேன், நாலு நாள் காணாமல் போகும். வினிகர் போட்டேன். சமையல் சோடா போட்டேன். ஐந்தாம் நாள் அதே இடத்தில் வந்து நிற்கும். வீட்டுக்காரரின் ஏஜென்ட் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று போகட்டும் என்றார். குளிரில் ஜன்னலைத் திறந்தால் குழந்தை எப்படித் தூங்கும் என்று நான் கேட்கவில்லை.

அவள் வந்து பார்த்தாள். அவர்கள் அறையிலும் இருக்கிறதாம்.

"பூஞ்சணத்தைப் பாத்துப் பாத்து மனம் கெட்டுப்போகும். மறைச்சு விடுவம்."

ஆப் ஷாப்பிலிருந்து பெரிய மெத்தை உறை ஒன்றை எடுத்துவந்தாள். வெள்ளையில் வெளிர்சிவப்பு ரோஜாக்கள், இலைகள். தையலைப் பிரித்து ஒற்றைத் துணியாக்கி, இரவல் வாங்கிய ஸ்டேப்ளர் துப்பாக்கியால் சுவரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுத்து அடித்தாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுருக்கம் இல்லை. ஓரங்களுக்கு லேஸ் வைத்தாள். பிறகு மகளின் சின்னக் கட்டிலை நகர்த்திச் சுவரோடு ஒட்டிப் போட்டாள்.

"இனிப் பிள்ளை பூக்களுக்குள்ளை படுக்கட்டும்."

மகள் கட்டிலில் ஏறி ஒவ்வொரு ரோஜாவாகத் தொட்டுப் பார்த்தாள். வீட்டிலேயே அழகான சுவர் அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரும் ஏஜென்ட் அம்மா வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இத்தனை அழகாக யாரும் இந்த வீட்டை வைத்திருந்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பூஞ்சையைப் பற்றி மறுபடி சொல்லலாம் என்று நினைத்தவள், அந்தப் பெருமையில் சொல்லாமல் விட்டேன்.

மகளுக்கு இருமல் ஏற்கனவே இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் குளிரில் இருக்கும் இருமல் என்றுதான் நினைத்தோம். ஆகஸ்டில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் தலையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கணவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். நான் தடுப்பைத் தட்டினேன். அன்று தோழிக்கு லீவு. செருப்பில்லாமல் ஓடிவந்தாள், மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆம்புலன்சுக்கு என்னைப் போன் செய்யச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலில் நடந்துகொண்டே இருந்தாள்.

நிமோனியா. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ஊசி. இரண்டாம் நாள் ஒரு நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டைப் பற்றிக் கேட்டாள். எத்தனை பேர், எத்தனை அறை, ஹீட்டர் உண்டா, ஈரம் உண்டா, பூஞ்சை உண்டா. பூஞ்சை இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவள் என்று நினைத்துவிடுவாளோ என்ற வெட்கம்தான். அவள் எழுதிக்கொண்டு போனாள். பிறகு என் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போய் அந்த நர்ஸைத் தேடிப்பிடித்து, இருக்கிறது என்றேன். அவளுக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்றாள்.

நாங்கள் வீடு திரும்பிய வாரமே ஒரு பெண் வந்தாள். நடுவயது, சாதுவான முகம். ஜன்னல்களைப் பார்த்தாள், தரைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். மகளின் அறைக்கு வந்தவள் ரோஜாத் துணியில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, அனுமதி கேட்டுவிட்டு, கட்டிலை நகர்த்தி, கீழ் மூலையில் இரண்டு ஸ்டேப்பிளைப் பிடுங்கித் துணியைத் தூக்கினாள்.

சுவர் தெரியவில்லை. கறுப்பு மட்டும்தான் தெரிந்தது, சில இடங்களில் பஞ்சுபோல் எழும்பியிருந்தது. துணியின் பின்பக்கமும் கறுப்பு. வாடை முகத்தில் அடித்தது. அந்தப் பக்கம்தான் மகள் மூக்கை வைத்துத் தூங்குவாள்.

வந்தவள் யாரையும் குறை சொல்லவில்லை. நான் சம்மதித்தால் வீட்டுக்காரருக்கு எழுதுவதாகச் சொன்னாள். என் கையெழுத்து வேண்டும். அதற்குள் என் தோழி பின்வழியாக அடுப்படிக்கு வந்து நின்றாள். தடுப்பு வழியாக எல்லாம் கேட்டிருக்கும். நான் போனேன்.

"என்ன எழுதப்போறா?"

"வீட்டுக்காரருக்கு லெட்டர். குளிர் உள்ள வராம இன்சுலேஷன் போடணும், ஈரத்த நிறுத்தணும்னு."

"வேண்டாம் எண்டு சொல்லும்."

"அக்கா, நீங்க பிள்ளைய பாத்தீங்கதானே."

"பாத்தனான். என்ர தோளிலை கிடந்த பிள்ளை." குரலைத் தாழ்த்தினாள். "உம்மட மனுசனுக்கு லைசன்ஸ் வந்திடும். நீங்கள் வேறை இடம் போகலாம். எங்களுக்கு ஆர் வீடு குடுப்பினம்? இவர் நிமிர்ந்து நிக்கமாட்டார். என்ர ஒரு ஆளின்ர உழைப்பு. வீட்டுக்காரன் எழுப்பினால் நாங்கள் எங்கை போறது?"

"எழுப்பமாட்டாங்கக்கா. சட்டம்னு ஒன்னு இருக்குல்ல."

"சட்டம்," என்றாள். "ஒரு கிழமை பொறும். துணியைக் கழட்டி, ப்ளீச் அடிச்சு, மேலை பெயின்ட் அடிச்சுத் தாறன். பிள்ளையை எங்கட முன்னறையிலை படுக்க விடும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

உள்ளே மகள் இருமினாள். நான் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கடிதம் போய் மூன்று வாரத்தில் வீட்டுக்காரர் பதில் அனுப்பினார். வீட்டை விற்கப் போகிறார், இரண்டு பாதியும் ஆறு வாரத்தில் காலியாக வேண்டும். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வருடங்களில் ஆக்லாந்தில் எந்தப் பாழடைந்த வீட்டைப் போட்டாலும் வாங்க வரிசை நின்றது, ஆகவே அவருக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த ஆறு வாரமும் அவள் வரவில்லை. நான் தட்டினால் அவள் கணவர் மெதுவாக எழுந்துவந்து, அவள் நித்திரை என்பார். தடுப்புக்கு அப்பால் அவள் நடமாடுவது எனக்குக் கேட்கும். என்னுடையது அவளுக்கும் கேட்டிருக்கும். சுவரை ஒரு பெயின்டர் வந்து வெள்ளையடித்தார். விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் வரும் நாளில், சாமான்களைக் கட்டிவைக்க வேண்டாம், அந்த அழகான பொருள்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று ஏஜென்ட் அம்மா கேட்டுக்கொண்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை. அவள் பாதியில் அன்று காலை எனாமல் குவளைகளைக் கழுவி அடுக்கும் சத்தம் கேட்டது. ஜாடிக்குப் புதுப் பூவும் வைத்திருந்தாள் என்று பிறகு படத்தில் பார்த்தேன்.

விளம்பரம் வெளியான மறுநாள் அவளே வந்தாள். உள்ளே வரவில்லை.

"இன்டர்நெட்டிலை வந்திட்டுதாம். ஒருக்கா பாக்கலாமோ?"

போனைக் கொடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள். செங்கல் கால் தெரியாத கோணத்தில் என் அலமாரி, அவளுடைய மரப்பெட்டிகள், கம்பளித் திரைகளுக்கு நடுவில் வெயில். மேலே கிராமிய அழகு கொஞ்சும் வீடு என்பதுபோல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"புத்தகத்திலை வந்த மாதிரி இருக்கு," என்றாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"நீங்கள் பிழை ஒண்டும் செய்யேல்லை. தாய் செய்யிறதைத்தான் செய்தனீங்கள்."

போனைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். நீங்கள் என்று அவள் சொன்னது, கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கணவருக்கு லைசன்ஸ் வந்தது. நியூ லின்னில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு கிடைத்தது, காய்ந்த வீடு. அலமாரியை மாடிக்கு ஏற்ற முடியாமல் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. போகுமிடமெல்லாம் ஒருவர் சம்பளமா என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில் மாங்கரேயில் தெரிந்த ஒருவரின் வீட்டில், கார் நிறுத்தும் கராஜில் இடம் கிடைத்தது.

அடுத்த குளிர்காலத்தில் முகவரி விசாரித்துக்கொண்டு போனேன். கராஜின் சுருட்டுக் கதவின் உட்பக்கம் முழுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தாள். சிமெண்ட் தரையில் துண்டுத்துணிப் பாய். ஒரு மூலையில் அவள் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. மரியாதையாக நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தாள். மகளை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்கவில்லை. நான் கொண்டுபோன ஹீட்டரைத் தொடவில்லை.

"இஞ்சை கரண்ட் அவையளின்ர. கேக்கேலாது. கொண்டு போங்கோ."

அந்த ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். செப்டம்பரில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். நான் போவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பின் இந்த நாட்டின் தென்தீவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலையும் அதோடு சேர்ந்து வீடும் கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். இங்கிருப்பதைவிடக் குளிர் அதிகமான ஊர்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். குளிர் வந்தால் இருமல் வரும், வெயில் வந்தாலும் முழுவதும் போகாது. ஏழு வயதில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனி இருக்கும் என்றார் டாக்டர். தினமும் காலையும் மாலையும் அவளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டிச் சளியை எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தட்டும்போது அவள் ஆங்கிலத்தில் எதையாவது எண்ணிக்கொண்டே கிடப்பாள்.

அப்படித் தட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவள்தான். கோயிலில் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு பெண்ணிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். குரல் முன்னைவிடக் கனத்திருந்தது. கணவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்றாள், வீட்டில் விறகடுப்பு இருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்.

"பிள்ளை சுகமோ?"

சுகம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் அந்த நேரம் பார்த்து இருமினாள். நீளமான, ஈரமான இருமல்.

"இன்னும் போகேல்லையோ?"

நான் தழும்பைப் பற்றிச் சொன்னேன். எப்படியும் யார் வாய் வழியாகவாவது அவளுக்குத் தெரியவரும் என்று நினைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"அந்தத் துணியை நான்தானே அடிச்சனான்," என்றாள். "கட்டிலைத் தள்ளிப் போட்டதும் நான். உம்மட முகத்தைப் பாக்கேலாமத்தான் அந்த நேரம் வராமல் இருந்தனான். வீட்டுக்காக இல்லை. நீர் வீட்டுக்காக எண்டு நினைச்சிருப்பீர்."

அப்படித்தான் நினைத்திருந்தேன், இத்தனை வருடமும். உங்கள் தவறில்லை அக்கா, நானும்தானே துணியைப் பிடித்தேன் என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. என் கை மகளின் முதுகில் இருந்தது. முதுகுக்குள் இன்னும் அந்த இருமலின் அதிர்வு இருந்தது. எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அது அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னேன்.

"ஓம்," என்றாள் அவள். "சரி."

அங்கே பனி விழுந்ததாகவும், முதல் நாள் பார்க்க நன்றாக இருந்ததாகவும், பிறகு வழுக்குகிறது என்றும் சொன்னாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து நான் அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரமும் அடித்தேன். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டேன்.